ஏழாவது வரி

எங்கள் சபையில் ஜெப விண்ணப்பங்களை டைப் அடிப்பவன் நான். பதினோரு வருடமாக அடிக்கிறேன். பெரிய ஊழியம் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். வீட்டில் கம்ப்யூட்டரும் பிரிண்டரும் இருந்தன, எழுத்துப் பிழை கண்டால் எனக்கு எரிச்சல் வரும், அவ்வளவுதான் தகுதி.

வேலை இதுதான். வாரம் முழுக்க சபையார் தங்கள் விண்ணப்பங்களை எனக்குத் தருவார்கள். சிலர் துண்டுத் தாளில் எழுதிச் சட்டைப் பையில் திணிப்பார்கள், சிலர் வாட்ஸ்அப்பில் நான்கு நிமிடம் பேசி அனுப்புவார்கள். அந்த நான்கு நிமிடத்தை நான் ஒரு வரியாக்குவேன். சனிக்கிழமை சாயங்காலம் எல்லா வரிகளையும் எண் போட்டு அடித்து, இரண்டு பிரதி எடுத்து, கத்தரிக்கோலால் வரி வரியாக நறுக்கி, நாலாக மடித்து, வீட்டுக்கு ஒன்று என்று எண்ணி ஒரு பிஸ்கட் டின்னில் போட்டு மூடுவேன். ஞாயிறு ஆராதனை முடிந்ததும் டின் வாசலில் ஒரு மேஜையில் இருக்கும். வீட்டுக்கு ஒருவர் கையை விட்டு ஒரு சீட்டு எடுத்துக்கொள்ள வேண்டும். யார் கொடுத்த விண்ணப்பம் என்று எடுத்தவருக்குத் தெரியாது. அந்த வாரம் முழுக்க அந்த வீட்டுக் குடும்ப ஜெபத்தில் அந்த ஒரு வரிக்காக ஜெபிக்க வேண்டும். அடுத்த ஞாயிறு அதைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வேறு எடுக்க வேண்டும். ஒருவர் பாரத்தை மற்றவர் சுமக்க வேண்டும் என்று வேதத்தில் இருப்பதை எங்கள் பாஸ்டர் இப்படித்தான் நடைமுறைக்குக் கொண்டுவந்தார்.

சீட்டில் பெயர் போடக் கூடாது. ஆரம்பத்தில் போட்டோம். ஒரு பெண்ணின் கல்யாணத்துக்காக வந்த விண்ணப்பத்தைப் பெயரோடு யாரோ பஸ்ஸில் தவறவிட, அது மாப்பிள்ளை வீட்டாரின் காதுக்குப் போய், வந்த வரனும் நின்றுபோனது. அன்றிலிருந்து எல்லோரும் ‘ஒரு சகோதரர்’, ‘ஒரு சகோதரி’, ‘ஒரு குடும்பம்’ ஆகிவிட்டார்கள்.

ஜெபம் கேட்கப்பட்டால், அதாவது கேட்டது கிடைத்தால், விண்ணப்பம் கொடுத்தவர் என்னிடம் வந்து சொல்வார். நான் அந்த வரியைத் தூக்கி, நன்றி சொல்வதற்கான ஸ்தோத்திரப் பட்டியலில் போடுவேன். மாதக் கடைசி ஞாயிறு பாஸ்டர் அந்தப் பட்டியலை வாசிப்பார். வேலை கிடைத்த ஒரு சகோதரருக்காக, சுகப்பிரசவமான ஒரு சகோதரிக்காக. ஒவ்வொன்றுக்கும் கைதட்டல் எழும். தண்டவாளத்தை ஒட்டிய ஷீட் போட்ட கூடம் எங்களுடையது. அண்ணனூர் ஷெட்டுக்குள் திரும்பும் மின்சார ரயிலின் இரைச்சலையும் தாண்டி அந்தக் கைதட்டல் கேட்கும்.

ஆக, இரண்டு பட்டியல். எனக்கு அது பழகிப்போனது. முப்பத்து மூன்று வருடம் தொழிற்சாலையில் பரிசோதகராக இருந்தவன். வருகிற உதிரி பாகத்தை அளந்து பார்த்து ஒரு முத்திரை குத்துவேன்: சரி, இல்லாவிட்டால் ரிஜெக்ட். கேட்கப்படாத ஜெபம் எந்தப் பட்டியலுக்குப் போகும் என்று முதல் பத்து வருடத்தில் ஒரு நாள்கூட நான் யோசித்ததில்லை. கொடுத்தவர்கள் சொல்லாமல் நிறுத்திக்கொள்வார்கள், நானும் வரியை அழித்துவிடுவேன்.

என் மனைவிக்குச் சிறுநீரகம் இரண்டும் பழுதானபோது விண்ணப்பத்தை அவள் வாயாலேயே சொன்னாள். நாங்கள் இருவரும் தெற்கே இருந்து வேலைக்காக ஆவடி வந்தவர்கள். குவார்ட்டர்ஸில் இருபது வருடம் இருந்து பிறகு கோவில்பதாகையில் வீடு கட்டினோம். இத்தனை வருடம் ஆகியும் அவள் பேச்சில் ஊர் போகவில்லை.

“பேரு கீரு போட்டுராதீங்க. டயாலிசிஸ் எடுக்கும் ஒரு சகோதரியின் சுகத்துக்காகன்னு போடுங்க, போதும்” என்றாள்.

“பூரண சுகத்துக்காகன்னு போடட்டுமா?”

“பூரணம்லாம் வேண்டாம். கேக்கத அளவா கேப்போம்.”

பட்டியலில் அது ஏழாவது வரி. மேலே ஒரு வரி போனால் அந்த இடத்தில் புது வரியைப் போடுவேன், ஆகவே இரண்டு வருடம் அது ஏழாவது வரியாகவே இருந்தது. வாரத்துக்கு மூன்று நாள் ஆஸ்பத்திரி. ஒரு நாளைக்கு இவ்வளவு தண்ணீர்தான் என்று பாட்டிலில் நான் கோடு போட்டு வைத்தேன். சமையலை நான் கையில் எடுத்துக்கொண்டேன், உப்பில்லாத சாம்பார், வேகவைத்த தண்ணீரைக் கொட்டிவிட்ட உருளைக்கிழங்கு. “ஜெயில்ல போட்டாக்கூட இதைவிட நல்லாப் போடுவான்” என்பாள், ஆனால் தட்டை வழித்துச் சாப்பிடுவாள். ஞாயிறு அவளால் நிற்க முடிந்தவரை சபைக்கு வந்தாள். எங்கள் வீட்டுச் சீட்டை டின்னிலிருந்து எடுப்பது எப்போதும் அவள்தான். நான் நறுக்குபவன், எடுப்பது அவள் வேலை என்று வைத்திருந்தாள்.

ஒரு புதன்கிழமை காலை, ஆட்டோ வந்து வாசலில் நிற்க, செருப்பு மாட்டப் போனவள் உட்கார்ந்துவிட்டாள். அப்புறம் எழுந்திருக்கவில்லை. வியாழன் அடக்கம்.

அடக்கத்துக்கு சபை முழுக்க வந்தது. பாடு முடிந்தது பிரதர், பாக்கியவதி என்றார்கள். எல்லாவற்றிலும் நன்றி சொல்ல வேண்டும் என்று வேதம் சொல்வதால், ஸ்தோத்திரம் சொல்லுங்கள் பிரதர் என்று இரண்டு பேர் என் கையைப் பிடித்துச் சொன்னார்கள். சொன்னேன். வாய் சொன்னது. அவர்கள் மேல் கோபம் வந்திருந்தால்கூட நன்றாக இருந்திருக்கும். எதுவும் வரவில்லை. வந்தவர்களுக்கு நாற்காலி போதுமா என்று எண்ணிக்கொண்டிருந்தேன். கோயம்புத்தூரிலிருந்து வந்த மகன் அழுதபோது அவன் முதுகைத் தட்டிக்கொடுத்தேன், பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் யாரோ ஒருவர் இருமினால் தட்டிக்கொடுப்பது போல.

சனிக்கிழமை சாயங்காலம் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தேன். உட்காராமல் இருக்க வேண்டும் என்று தோன்றவில்லை. புதிதாக வந்த நான்கு விண்ணப்பங்களைச் சேர்த்தேன், இரண்டை ஸ்தோத்திரத்துக்கு மாற்றினேன். ஏழாவது வரிக்கு வந்தேன். பிழை எதுவும் இல்லை. அடுத்த வரிக்குப் போய்விட்டேன்.

தெரிந்து செய்தேன் என்றால் அது பொய், தெரியாமல் செய்தேன் என்றால் அதுவும் பொய். அந்த வாரமும் இரண்டு வீடுகளில் அவள் சுகத்துக்காக ஜெபித்திருப்பார்கள். அடுத்த வாரமும். டயாலிசிஸ் எடுப்பவர்கள் ஊரில் எத்தனையோ பேர், யாரோ வேறு ஒரு சகோதரி என்று எடுத்தவர்கள் நினைத்திருக்கலாம். நான் அந்த வரியை விட்டு வைத்தேன். யாரோ ஒருவருடைய வாயில் அவள் இன்னும் நோயாளியாக இருந்தாள், நோயாளி என்றால் உயிரோடு இருப்பவள். இவ்வளவுதான் என் கணக்கு. இதை எழுதும்போது எனக்கே பைத்தியக்காரத்தனமாகத் தெரிகிறது, அப்போது தெரியவில்லை.

நான் ஜெபிப்பதை நிறுத்தியிருந்தேன். தேவனோடு சண்டை ஒன்றும் இல்லை. முழங்கால் போட்டால் சொல்ல ஒன்றும் இல்லை, எழுந்துவிடுவேன். வேதம் வாசித்தேன், நாளுக்கு மூன்று அதிகாரம், பழக்கம் விடவில்லை. என்ன வாசித்தேன் என்று கேட்டால் தெரியாது. உப்பில்லாமலே சமைத்தேன். ஆறு மாதம் கழித்து மகன் வந்து ஒரு வாய் வைத்துவிட்டு, “என்னப்பா இது?” என்று கேட்டபோதுதான் உப்பு நினைவுக்கே வந்தது. அவன் போன பிறகு மறுபடி உப்பில்லாமல்தான் சமைத்தேன்.

ஞாயிறுகளில் எல்லோரும் எடுத்த பிறகு டின்னில் ஒரு சீட்டு மிஞ்சும். அது எங்கள் வீட்டுக்கானது. பிரித்துப் பார்க்காமல் கிழித்துப் போட்டுவிடுவேன்.

ஒரு ஞாயிறு இரண்டு மிஞ்சியது. அடுத்த வாரமும் இரண்டு. பரிசோதகன் புத்தி சும்மா இருக்குமா? யாரோ சீட்டு எடுக்காமல் போகிறார்கள் என்று மூன்றாவது வாரம் மேஜைக்குப் பக்கத்திலேயே நின்றேன். எடுக்காமல் போனது வெள்ளானூரிலிருந்து புதிதாக வரும் ஒரு பெண். நாற்பது வயது இருக்கும். அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு கம்பெனியில் ஹவுஸ்கீப்பிங் வேலை. என் மனைவி போய் மூன்று மாதம் கழித்துத்தான் அவள் சபைக்கு வர ஆரம்பித்தாள், அவள் வீட்டில் வேறு யாரும் சபைக்கு வருவதில்லை. புதியவள், ஒழுங்கு தெரியாது என்று நினைத்து, “சீட்டு எடுக்கலையா சிஸ்டர்?” என்று கேட்டேன்.

“ஏற்கெனவே ஒன்னு கீதேண்ணா.”

“அதைத் திருப்பிக் கொடுத்துட்டு வேற எடுக்கணும்மா.”

“அது இன்னும் முடியலியே, எப்டிக் குடுக்கறது?” என்றாள். போனை எடுத்து, பின்னால் இருந்த கவரைக் கழற்றி, உள்ளே மடித்து வைத்திருந்த சீட்டைக் காட்டினாள். மடிப்பு நைந்து, வியர்வை பட்டு எழுத்து மங்கியிருந்தது. நான் அடித்த எழுத்து, எனக்குப் படிக்க வேண்டியிருக்கவில்லை.

“டயாலிசிஸ்னா இன்னான்னு கம்பெனில கேட்டேன். ரத்தத்தையே வெளிய எடுத்து கழுவி உள்ள ஏத்துவாங்களாமே. பாவம்ணா அந்தக்கா. நான் வெள்ளிக்கிழம வெள்ளிக்கிழம ஒண்ணும் சாப்டாம இருந்து கேட்டுகினு கீறேன். நீங்கதானே டைப் பண்றீங்க, உங்களுக்குத் தெரியுமில்ல? இப்போ எப்டி கீறாங்க?”

எதிரே நின்று ஒருத்தி கேட்கிறாள். ஒரே ஒரு வாக்கியம் சொல்லியிருந்தால் போதும்.

“அப்படியேதான் இருக்காங்க” என்றேன்.

இறந்தவர்கள் மாறுவதில்லை, ஆகவே நான் சொன்னது பொய் ஆகாது என்று வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் எனக்கு நானே வாதாடினேன். ஆம் என்றால் ஆம், இல்லை என்றால் இல்லை என்று இருக்கச் சொன்னவருடைய பிள்ளை நான். ஞாயிறு பள்ளியில் அதைப் பிள்ளைகளுக்குச் சொல்லியும் கொடுத்திருக்கிறேன். வாதம் ஜெயித்த மாதிரி இருந்தது, தூங்கினேன்.

அப்புறம் அவள் ஒவ்வொரு வாரமும் கேட்டாள். நானும் ஒவ்வொரு வாரமும் சொன்னேன். கால் வீக்கம் இருக்கா என்று கேட்டாள், இருக்கு என்றேன். பிள்ளைகள் உண்டா என்றாள், ஒரே பையன், வெளியூரில் என்றேன். கேட்கிறாளே என்று எனக்கு எரிச்சலாகவும் இருந்தது, கேட்காமல் போய்விடுவாளோ என்றும் இருந்தது. என் மனைவியைப் பற்றி என்னிடம் நிகழ்காலத்தில் பேசிய ஒரே ஆள் அவள்தான். நான்கு மாதம் இப்படி ஓடியது.

ஒரு ஞாயிறு அவள் வரவில்லை. பிரசங்கத்தின் நடுவில் பாஸ்டர் சொன்னார்: “நம்ம சபையில புதுசா வந்த ஒரு சகோதரி. வெள்ளிக்கிழமை தண்ணிகூடக் குடிக்காம உபவாசம் இருந்து, அதோட வேலைக்கும் போயிருக்காங்க. கம்பெனி மாடிப்படியைத் துடைக்கும்போது மயங்கி விழுந்து, நெத்தியில மூணு தையல். யாருக்காக உபவாசம்? முகம்கூடத் தெரியாத, வியாதியில இருக்கற இன்னொரு சகோதரிக்காக! வேதத்தை வாசிக்கிறது வேற, வாழறது வேற.”

கூடம் அல்லேலூயா என்றது. நான் இரண்டாவது வரிசையில் உட்கார்ந்திருந்தேன். எந்த வியாதி, எந்தச் சகோதரி என்று பாஸ்டர் அவளைக் கேட்டிருக்க மாட்டார், கேட்கக் கூடாது என்பதுதான் எங்கள் ஒழுங்கு. முடிந்ததும் அவர் என்னிடம் வந்து, “பிரதர், அந்தச் சகோதரிக்காக ஒரு வரி சேர்த்துருங்க” என்றார்.

சாப்பிட்டுவிட்டு உடனே உட்கார்ந்து அடித்தேன். ‘உபவாசத்தில் மயங்கி விழுந்த ஒரு சகோதரியின் சுகத்திற்காக.’ அது பன்னிரண்டாவது வரியாக விழுந்தது. அதற்கு ஐந்து வரி மேலே ஏழாவது வரி இருந்தது. இரண்டும் ஒரே திரையில், ஒரே எழுத்தில். மேலே இருப்பவளுக்காகக் கீழே இருப்பவள் விழுந்திருக்கிறாள், இரண்டையும் அடித்தவன் நான். எட்டு மாதத்தில் முதல் முறையாக எனக்குள் ஏதோ ஒன்று வந்தது. வெட்கம். துக்கம்கூட இல்லை, வெறும் வெட்கம். அதற்கே ஒரு நிமிடம் நன்றாக இருந்தது, ஏதாவது ஒன்று வந்ததே என்று.

ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு வெள்ளானூர் போனேன். வயலாக இருந்த இடமெல்லாம் கல் நட்ட மனைகள், நடுநடுவே புது வீடுகள். அவள் வீடு பூசாத செங்கல் சுவரோடு நின்றது. கணவர் ஷிப்டுக்குப் போயிருந்தார். வாசலிலேயே எனக்கு ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு, தான் படியில் உட்கார்ந்தாள். நெற்றியில் பெரிய பிளாஸ்திரி, ஒரு கண் பாதி மூடிக்கொண்டிருந்தது. வேண்டாம் என்று சொல்லச் சொல்ல ஒரு டம்ளர் மோர் கொண்டுவந்து கொடுத்தாள். அதில் உப்பு தூக்கலாக இருந்தது, குடித்தேன்.

“எதுக்குண்ணா நீங்க அலையறீங்க, எனக்கு ஒண்ணுமில்ல. ரெண்டு நாளு லீவு, அவ்ளோதான். அந்தக்கா எப்டி கீறாங்க?”

டம்ளரைக் கீழே வைத்தேன்.

“அந்தச் சகோதரி என் மனைவி. அவ இறந்து எட்டு மாசம் ஆச்சு. நீங்க சபைக்கு வர்றதுக்கு முன்னாலேயே.”

அவளுக்குப் புரியவில்லை. மறுபடி சொன்னேன். அந்த வரியைப் பட்டியலிலிருந்து நீக்காமல் விட்டது நான்தான், நீங்கள் கேட்டபோதெல்லாம் நான் சொன்னது பொய் என்று வரிசையாகச் சொன்னேன். பழுதான சாமானுக்கு அறிக்கை எழுதுகிறவன் குரலில்தான் சொன்னேன், வேறு குரல் என்னிடம் இல்லை.

அவள் முகம் சிவந்தது.

“இன்னா சொல்றே நீ?” என்றாள். அதுவரை நீங்கள் என்று சொல்லிக்கொண்டிருந்தவள். “அப்போ நான் யாருக்குப் பட்னி கெடந்தேன்? சக்கர ஒடம்பு எனக்கு, தெரியுமா? ஊட்ல அந்த ஆளு, யாரோ ஒருத்திக்கு நீ ஏன்டி சாவுறன்னு டெய்லி சண்ட. உயிரோட கீறாங்க, கஷ்டப்படறாங்கன்னு நான் அந்தாளாண்ட மல்லுக்கு நின்னேன். கால் வீக்கம் கீதுன்னு சொன்னியே, போன வாரங்கூட சொன்னியே.”

“ஆமா.”

“ஏன் சொன்னே?”

“நீங்க கேட்டப்போ அவ இருக்கற மாதிரி இருந்துச்சு” என்றேன்.

தெருவில் தண்ணீர் லாரி வந்து, குடங்கள் நிறைந்து, லாரி போயும் விட்டது. நான் எழுந்திருக்கலாமா என்று யோசித்தேன். திட்டி அனுப்பினால் போய்விடலாம், அது சுலபம். அவள் திட்டவில்லை. போன் கவரைக் கழற்றிச் சீட்டை எடுத்து முழங்கால் மேல் வைத்து, விரலால் நீவிவிட்டாள்.

“பேரு இன்னா?” என்றாள்.

“யார் பேரு?”

“அவங்க பேருதான். நாலு மாசமா பேரு தெரியாமலே கேட்டுகினு கீறேன்.”

சொன்னேன். அந்தப் பெயரை இங்கே எழுதப் போவதில்லை, சீட்டில் போடாதீர்கள் என்று சொன்னவள் அவள். ஆனால் வாசலில் நாற்காலியில் உட்கார்ந்து அதை நான் சத்தமாகச் சொன்னேன். சொன்ன பிறகுதான் தெரிந்தது, அடக்கத்துக்குப் பிறகு அந்தப் பெயரை நான் ஒரு முறைகூட உச்சரிக்கவில்லை. அம்மா என்றோ, அவள் என்றோ, ஏழாவது வரி என்றோதான் எட்டு மாதம் ஓடியிருக்கிறது.

அவள் முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு கண்ணை மூடினாள். நானும் மூட வேண்டியதாயிற்று.

“ஏசப்பா, அந்தக் கிட்னி அக்கா,” என்று ஆரம்பித்து, நிறுத்தி, என் மனைவியின் பெயரைச் சொன்னாள். “அவங்க உன்னாண்டயே வந்துட்டாங்களாம். எனக்கு இப்பத்தான் தெரியும். நான் பாட்டுக்குக் கேட்டுகினே இருந்தேன், நீயும் ஒண்ணும் சொல்லாம கேட்டுகினே இருந்தே. பரவால்ல. அங்க அவங்களுக்கு கால் வீக்கம்லாம் இருக்காதுன்னு நெனைக்கறேன். தண்ணி கேட்டா வயிறு நெறையக் குடு. இந்த அண்ணன் எங்கிட்ட பொய் சொல்ட்டாரு. அவர நீ மன்னிச்சிடு. நானும் மன்னிக்கணும்னு நீ சொல்லிகிறே, எனக்குத் தெரியும். மன்னிக்கறேன். ஆனா இன்னிக்கி முடியாது. ஆமென்.”

ஆமென் என்றேன். எட்டு மாதத்தில் எத்தனையோ ஆமென் சொல்லியிருக்கிறேன், ஆனால் எதற்குச் சொல்கிறேன் என்று தெரிந்து சொன்னது அது ஒன்றுதான்.

சீட்டை என் கையில் கொடுத்தாள். நானும் வண்டியை எடுத்தேன். அழுகை வரும் என்று எதிர்பார்த்து ஓரமாக மெதுவாகவே ஓட்டினேன், வரவில்லை. தண்ணி கேட்டா வயிறு நெறையக் குடு என்பது மட்டும் காதில் இருந்தது. பாட்டிலில் நான் போட்ட கோட்டைப் பற்றி அவளிடம் நான் சொன்னதில்லை.

பாஸ்டர் வீட்டுக்குப் போய் அவரிடமும் சொன்னேன். அவர் அதிரவில்லை.

“அடக்கம் முடிஞ்ச ரெண்டாவது வாரம் அந்தச் சீட்டு எங்க வீட்டுக்கே வந்துச்சு பிரதர்” என்றார்.

“அப்பவே சொல்லியிருக்கலாமே” என்றேன். என் குரல் உயர்ந்தது எனக்கே கேட்டது.

“சொல்லியிருக்கணும். நீங்களா எடுப்பீங்கன்னு விட்டுட்டேன். அழுகிறவங்களோட அழுங்கன்னு வேதம் சொல்லுது. நீங்க அழவே இல்ல, எனக்கு என்ன பண்றதுன்னு தெரியல.” எழுந்து வந்து என் பக்கத்தில் உட்கார்ந்து, “இப்படி ஒருத்தங்க விழுவாங்கன்னு நெனைக்கல” என்றார். அதற்கு மேல் என்னாலும் அவர் மேல் கோபப்பட முடியவில்லை.

அந்தச் சனிக்கிழமை ஏழாவது வரியை எடுத்தேன். ஸ்தோத்திரப் பட்டியலில் போட எனக்கு மனம் இல்லை, அந்த நிலைக்கு நான் வளரவில்லை, வளர்ந்ததாக நடிக்கவும் விருப்பமில்லை. அழித்தேன். எட்டாவது வரி தானாக ஏழுக்கு ஏறிக்கொண்டது. கடைசியில் ஒரு புது வரி அடித்தேன். பதினோரு வருடத்தில் எனக்கென்று நான் அடித்த முதல் வரி: ‘தன்னிடம் பொய் சொன்ன ஒரு சகோதரரை ஒரு சகோதரி மன்னிப்பதற்காக.’

அவள் அடுத்த ஞாயிறு நெற்றியில் தழும்போடு வந்தாள். எல்லோரையும் போல டின்னில் சீட்டு எடுத்தாள். சபையார் ஒருவருக்கொருவர் வணக்கம் போலச் சொல்லும் ஸ்தோத்திரத்தை எனக்குச் சொல்லவில்லை. அதற்கடுத்த ஞாயிறும் சொல்லவில்லை. எனக்கு அது சரி என்றுதான் பட்டது. ஒவ்வொரு சனிக்கிழமையும் அந்தக் கடைசி வரியை அடித்து நறுக்கினேன். முன்னால் நறுக்கும்போது கை பாட்டுக்கு நறுக்கும். இப்போது அந்த ஒரு சீட்டை மடிக்கும்போது மட்டும், இது யார் கையில் விழும் என்று யோசிக்க ஆரம்பித்திருந்தேன்.

ஐந்தாவது ஞாயிறு அவள் நேராக மேஜைக்கு வந்து, போன வாரச் சீட்டைப் பிரித்து என் முன்னால் வைத்தாள்.

“இத்த தூக்கி அந்த ஸ்தோத்திர லிஸ்ட்ல போட்டுடுண்ணா” என்றாள்.

பார்த்தேன். கடைசி வரி.

“நீங்களே எடுத்தீங்களா?”

“நானேதான் எடுத்துகினேன். ஊட்டுக்குப் போயி படிச்சிப் பாத்தா என் கதையே எழுதிகீது. தூக்கி எறியலாம்னுதான் பாத்தேன். எடுத்தா ஜெபம் பண்ணித்தானே ஆவணும், ஒழுங்குன்னு நீங்கதானே சொன்னீங்க? மொத நாளு பல்லக் கடிச்சிகினு பண்ணேன். ஏழு நாளும் பண்ணேன். இன்னா பண்றது, கோவம் போயிடுச்சு.”

“ஸ்தோத்திரம்ணா” என்று சொல்லிவிட்டு, டின்னில் கையை விட்டுப் புதுச் சீட்டு எடுத்துக்கொண்டு, பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று போய்விட்டாள்.

கூடம் காலியானது. வழக்கம்போல டின்னைக் கவிழ்த்துப் பார்த்தேன். ஒரு சீட்டு மிஞ்சியிருந்தது, எங்கள் வீட்டுக்கானது. கிழிக்கப் போன விரல் நின்றது. பிரித்துப் படித்தேன். அம்மாவை இழந்த ஒரு குடும்பத்தின் ஆறுதலுக்காக என்றிருந்தது, யார் கொடுத்தது என்று அடித்த எனக்குத் தெரியும், ஆனால் அதை நான் சொல்லக் கூடாது. சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போனேன். அன்றைக்குச் சமையலில் உப்புப் போட்டேன், சாப்பிட்டேன், பிறகு முழங்கால் போட்டு அந்த ஒரு வரியைச் சத்தமாக வாசித்தேன்.